கஞ்சிக்கு ஒரு சிரிஞ்ச்: டயட்டீஷியன் மாநாட்டுல என்னதான் கத்துக்குறாங்க?

இந்த வாரம் கோடிங் பத்தி இல்ல. ஏஐ உங்க வேலையைப் பறிக்குமா, அதுவும் இல்ல. இந்த வாரம் கஞ்சி பத்தி. ஹெட்ஃபோனைக் கழட்டிடாதீங்க, பத்து நிமிஷம் பொறுத்துக் கேளுங்க.

எங்க அக்கா ஒரு டயட்டீஷியன். சென்னையில ஒரு ஆஸ்பத்திரியில க்ளினிக்கல் டயட்டீஷியனா ஒன்பது வருஷமா வேலை பாக்குறா. அவ வேலை என்னன்னு எங்க சொந்தக்காரங்க யாருக்கும் தெரியாது. கல்யாண வீட்டுல பாத்தா, "வெயிட் குறைக்க என்னம்மா சாப்பிடணும்?"னு கேப்பாங்க, பதில் சொல்றதுக்குள்ள ரெண்டாவது ஜாங்கிரி எடுத்துடுவாங்க. உண்மையில அவ பாக்குறது ஐசியூல ட்யூப் வழியா சாப்பிடுறவங்க, டயாலிசிஸ் பேஷண்ட், கீமோ போய்ட்டு இருக்குறவங்க. வெயிட் குறைக்கிறதை விட, வெயிட் குறையாம பாத்துக்குறதுதான் அவளுக்கு நிறைய வேலை.

போன வருஷம் அவ ஒரு நியூட்ரிஷன் மாநாட்டுக்குப் போனா. வேற ஊர்ல, ரெண்டு நாள் மாநாடு, அதுக்கு முன்னாடி ஒரு நாள் ஒர்க்‌ஷாப். நானும் கூடப் போனேன். எனக்கு வொர்க் ஃப்ரம் ஹோம், அவளுக்குத் துணை வேணும்னு அம்மா சொன்னாங்க. 34 வயசு அக்காவுக்கு 28 வயசு தம்பி துணை, சரி விடுங்க.

நம்ம ஃபீல்டுல கான்ஃபரன்ஸ் எப்படி நடக்கும்னு உங்களுக்குத் தெரியும். கம்பெனி டிக்கெட் போடும், ஹோட்டல் போடும். நாம போய் கீநோட்ல போனை நோண்டிட்டு, ஸ்டால்ல டீ-ஷர்ட் வாங்கிட்டு, லிங்க்ட்இன்ல போட்டோ போட்டுட்டு வருவோம். அந்த நாள் ஆபீஸ் நாளாத்தான் கணக்கு. அக்காவுக்கு? ஆஸ்பத்திரி காசு குடுக்கல. லீவும் குடுக்கல, அவளோட சொந்த கேஷுவல் லீவ்ல மூணு நாள் போச்சு. ரெஜிஸ்ட்ரேஷன், ட்ரெயின், ரூம் எல்லாம் சேத்து அவ மாசச் சம்பளத்துல மூணுல ஒரு பங்கு. ஹெச்ஆர்ல கேட்டதுக்கு, "டாக்டர்ஸ்க்குத்தான் மேடம் அந்த பாலிசி"ன்னு ஒரு வரி பதில்.

"அப்புறம் எதுக்குக்கா போற? ஆன்லைன்ல எவ்வளவோ இருக்கே"ன்னு நான் கேட்டேன். ட்ரெயின்ல, சைடு லோயர்ல உக்காந்துக்கிட்டு. அவ சொன்னா, "டேய், ஒர்க்‌ஷாப் லிஸ்ட்ல ஒண்ணு இருக்கு. அதுக்காகத்தான் போறேன். தாத்தாவுக்காக."

தாத்தா கதையைச் சொல்லிடறேன், இல்லன்னா இது புரியாது.

அதுக்குப் பதினாலு மாசம் முன்னாடி தாத்தாவுக்கு ஸ்ட்ரோக். கை, கால் ஓரளவு திரும்பிடுச்சு. பேச்சும் வந்துடுச்சு, திட்டுற அளவுக்கு வந்துடுச்சு. ஆனா விழுங்குறது கஷ்டம். இதை டிஸ்ஃபேஜியான்னு சொல்றாங்க. ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு இது ரொம்ப சகஜமா வர்ற பிரச்சனை. நமக்குத் தண்ணி குடிக்கிறது ஒரு விஷயமே இல்ல. ஆனா விழுங்குற தசைகளோட டைமிங் தப்பிப்போனவங்களுக்குத் தண்ணிதான் எல்லாத்தையும் விட ஆபத்து. அது வேகமா ஓடும். மூச்சுக்குழாய் மூடுறதுக்கு முன்னாடியே உள்ள போயிடும். கெட்டியா இருந்தா மெதுவா நகரும், மூடுறதுக்கு நேரம் கிடைக்கும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில எழுதியிருந்தது ஒரே வரி. "திக் லிக்விட்ஸ், செமி-சாலிட் டயட்." நர்ஸ் வாயால சொன்னது, "எல்லாத்தையும் கெட்டியா குடுங்க."

கெட்டின்னா எவ்வளவு கெட்டி?

அம்மா வெக்கிற கஞ்சி ஒரு பதம். அத்தை வந்தா அவங்க வெக்கிறது வேற பதம். ஞாயித்துக்கிழமை நான் வெச்சா அது ஏறக்குறைய ஒட்டுற பசை. எல்லாருமே "கெட்டி"யாத்தான் குடுத்தோம். ஒரு நாள் தாத்தா இருமினார், மறுநாளும் இருமினார். சாதாரண இருமல்னு நினைச்சோம். மூணாவது வாரம் காய்ச்சல், மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா நிமோனியா. சாப்பாடு நுரையீரலுக்குப் போயிருக்கு. பதினோரு நாள் உள்ள இருந்தார்.

அந்தப் பதினோரு நாள்ல அக்கா யார்கிட்டயும் சரியாப் பேசல. ஏன்னா வீட்டுல டயட்டீஷியன் அவதான். எல்லாரும் அவகிட்டதான் கேட்டுக் கேட்டுக் குடுத்தாங்க. அவளும் "கெட்டியா குடும்மா"ன்னுதான் சொல்லியிருந்தா. அவ காலேஜ்ல படிச்சதே அதுதான்: க்ளியர் லிக்விட், ஃபுல் லிக்விட், செமி-சாலிட், சாஃப்ட். பேர் இருந்துச்சு, அளவு இல்ல. ஒரு இன்ஜினியரா எனக்கு இது கேக்கவே நடுக்கமா இருந்துச்சு. "ஆப் ஸ்லோவா இருக்கு"ன்னு டிக்கெட் வந்தா நாம என்ன கேப்போம்? எத்தனை மில்லிசெகண்ட், எந்த டிவைஸ்னு கேப்போம். இங்க ஒரு மனுஷனோட நுரையீரலுக்கு யூனிட்டே இல்லாத ஒரு ஸ்பெக் எழுதிக் குடுத்திருக்காங்க.

ஆனா யூனிட் இருக்கு. அதான் அந்த ஒர்க்‌ஷாப்.

ஐடிடிஎஸ்ஐ. விரிச்சா, டிஸ்ஃபேஜியா உணவைத் தரப்படுத்துறதுக்கான சர்வதேச முயற்சி. 2013-ல பல நாட்டு நிபுணர்கள் சேந்து ஆரம்பிச்சாங்க. காரணம், நாட்டுக்கு நாடு, சில இடத்துல ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி, ஒவ்வொரு பேர். ஒருத்தர் "நெக்டர்"ம்பார், இன்னொருத்தர் "ஹனி"ம்பார். எந்தத் தேன்? ஃப்ரிட்ஜ்ல வெச்சதா, வெளிய வெச்சதா? இவங்க அதை 0-லேருந்து 7 வரைக்கும் எட்டு லெவலாப் பிரிச்சாங்க. 0 தண்ணி மாதிரி. 1 லேசான கெட்டி, 2 மிதமான கெட்டி, 3 நடுத்தரக் கெட்டி, 4 மசிச்ச கூழ் பதம். 5 ஈரமா, பொடியா நறுக்கினது. 6 மெத்துனு, கடிக்கிற அளவு. 7 சாதாரணச் சாப்பாடு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர் வேற.

சோதனைக் கருவி என்ன தெரியுமா? 10 மில்லி சிரிஞ்ச்.

ஒர்க்‌ஷாப் முடிஞ்சு அவ வெளிய வரும்போது கையில ஒரு கவர் நிறைய சிரிஞ்ச். மூஞ்சியில ஒரு சிரிப்பு. நான் லாபியில லேப்டாப்போட உக்காந்திருந்தேன். "எந்திரி, கேண்டீன்ல போய் மோர் வாங்கிட்டு வா"ன்னா. அங்கேயே டேபிள்ல செஞ்சு காட்டினா.

பிஸ்டனை உருவிடணும். சிரிஞ்ச் மூக்கை விரலால அடைச்சுக்கணும். சோதிக்க வேண்டிய திரவத்தை 10 மில்லி கோடு வரைக்கும் ஊத்தணும். விரலை எடுத்துட்டு சரியா 10 செகண்ட் ஓட விடணும், மறுபடி அடைக்கணும். உள்ள எவ்வளவு மிச்சம் இருக்கோ அதுதான் பதில். 1 மில்லிக்குக் கீழ மிச்சம்னா லெவல் 0. 1-லேருந்து 4 மில்லின்னா லெவல் 1. 4-லேருந்து 8-ன்னா லெவல் 2. 8-க்கு மேல இருக்கு, ஆனா கொஞ்சமாவது ஓடியிருக்குன்னா லெவல் 3. சொட்டுக்கூட இறங்கலன்னா லெவல் 4, அதுக்கு முள்கரண்டி, ஸ்பூன் வெச்சு வேற சோதனை இருக்கு.

இதுல ஒரு நுணுக்கம். எந்த 10 மில்லி சிரிஞ்சும் சரிப்படாது. 0-லேருந்து 10 கோடு வரைக்கும் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்கணும். நீளம் மாறினா உள் விட்டம் மாறும், ஓடுற வேகம் மாறும், ரிசல்ட் மாறும். அக்கா ஸ்கேல் வெச்சு அளந்து பாத்துட்டுத்தான் வாங்கினா. அந்த நிமிஷம் எனக்கு எங்க அக்கா மேல இருந்த மரியாதை எங்கேயோ போயிடுச்சு. கேலிப்ரேஷன்! டயட் சொல்றவங்கன்னு நாம நினைக்கிறவங்க கேலிப்ரேஷன் பண்றாங்க.

மோர் லெவல் 0. "இதைத்தான் தாத்தாவுக்கு தண்ணியை விடக் கெட்டின்னு நினைச்சுக் குடுத்தோம்"னா. அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

சரி, மாநாட்டுக்கு வருவோம். இந்த மாதிரி மாநாட்டுல ஒர்க்‌ஷாப்தான் உயிர்னு எனக்குத் தோணுது. மெயின் ஹால் உரை எல்லாம் பெரிய மனுஷங்க பேசுவாங்க, குத்துவிளக்கு ஏத்துவாங்க, பொன்னாடை போத்துவாங்க. அதுல முதல் நாள் காலை பாதி போயிடும். அதுக்கப்புறம் பேரலல் செஷன், பேப்பர் வாசிக்கிறது, போஸ்டர், குவிஸ். நடுவுல சாப்பாடு. ஆயிரம் டயட்டீஷியன் இருக்குற இடத்துல பஃபேல என்ன இருக்கும்னு எனக்கு ஆர்வம். குலாப் ஜாமூன் இருந்துச்சு. முதல்ல காலியானதும் அதுதான்.

ஆனா ஒரு செஷன், அக்கா நோட்டுல நாலு பக்கம் எழுதின செஷன், சொல்லியே ஆகணும். ரீஃபீடிங் சிண்ட்ரோம். பல நாள் சரியா சாப்பிடாம இருந்த ஒருத்தருக்குத் திடீர்னு நிறைய ஊட்டினா நடக்குறது. நம்ம மனசு சொல்றது, பாவம், பத்து நாளா சாப்பிடல, நல்லா குடுங்கன்னு. உடம்பு வேற மாதிரி கணக்குப் போடும். பட்டினியில கொழுப்பை எரிச்சு ஓட்டிட்டு இருந்த உடம்புக்குள்ள மாவுச்சத்து வந்ததும் இன்சுலின் எகிறும். ரத்தத்துல இருக்குற பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்லுக்குள்ள ஓடும். ரத்தத்துல பாஸ்பேட் சரியும். இதயத் துடிப்பு தப்பலாம், மூச்சுத் தசை தளரலாம், உயிரே போகலாம். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சப்போ, பட்டினியில இருந்து மீட்ட கைதிகள்ல சிலர் சாப்பாடு கிடைச்ச பிறகு செத்துப்போனதைப் பாத்துதான் மருத்துவ உலகம் இதைச் சரியாக் கவனிச்சது.

அமெரிக்காவுல ஆஸ்பென்னு ஒரு அமைப்பு, ட்யூப் வழியாவும் நரம்பு வழியாவும் ஊட்டச்சத்து குடுக்குறவங்களோட சங்கம், 2020-ல ஒரு பரிந்துரை வெளியிட்டாங்க. ஆபத்துல இருக்குறவங்களுக்கு முதல் 24 மணி நேரம் ஒரு கிலோ எடைக்கு 10-லேருந்து 20 கிலோகலோரிதான். அப்புறம் ஒண்ணு ரெண்டு நாளைக்கு ஒருதரம் இலக்குல மூணுல ஒரு பங்கு ஏத்தலாம். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே 100 மில்லிகிராம் தயமின், அதாவது வைட்டமின் பி1. இதெல்லாம் டாக்டரும் டயட்டீஷியனும் ஆஸ்பத்திரியில ரத்தப் பரிசோதனை பாத்துப் பண்றது, கேட்டுட்டு வீட்டுல யாரும் ஆரம்பிச்சுடாதீங்க. நான் சொல்ல வர்றது வேற. அக்கா வார்டுல தினமும் நடக்குற சண்டை இது. சொந்தக்காரங்க, "ஏம்மா, அரை டம்ளர்தான் குடுப்பியா? ஆள் எலும்பா கெடக்குறாரு"ன்னு கேப்பாங்க. இதுவரைக்கும் அவ "டாக்டர் சொல்லியிருக்காரு"ன்னு சொல்லி நழுவிட்டு இருந்தாளாம். இப்போ உக்காந்து விளக்குறா. அந்த செஷன்ல கேள்வி கேட்டதுல பாதிப் பேர் கேட்டதும் இந்தச் சொந்தக்காரங்க விஷயம்தானாம். புத்தகத்துல இது வராது. ஒரே சண்டையைப் போடுற இருநூறு பேர் ஒரு ரூம்ல உக்காந்தாதான் வரும்.

இன்னொரு காரணமும் இருக்கு இவங்க கூடுறதுக்கு. படிச்சது பழசாயிடுது. நமக்கு ஃப்ரேம்ஒர்க் மாறுற மாதிரி. அக்கா காலேஜ்ல படிச்சப்போ எந்த உணவுல என்ன சத்துன்னு பாக்க கையில வெச்சிருந்தது 1971-ல முதல்ல வந்த ஒரு புத்தகத்தோட மறுபதிப்பு. அதுல முதல் ஆசிரியர் டாக்டர் சி. கோபாலன், நம்ம சேலத்துக்காரர். 2017-ல ஹைதராபாத்ல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் புது அட்டவணை கொண்டு வந்துச்சு, 528 உணவுகளோட. 2020-ல ஒரு நாளைக்கு எவ்வளவு சத்து தேவைங்குற கணக்கு மாறுச்சு. 2024 மே மாசம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி புதுசா, 17 அறிவுரைகளோட. அவ டிகிரி வாங்கின பிறகு அவ தொழிலோட அடிப்படை டேட்டாபேஸே மூணு தடவை அப்டேட் ஆயிருக்கு. யாரும் அவளுக்குப் புஷ் நோட்டிஃபிகேஷன் அனுப்பல. அந்த நிறுவனமும் நம்ம குன்னூர்ல பிறந்ததுதான், தெரியுமா? 1918-ல ராபர்ட் மெக்காரிசன்னு ஒரு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய அங்க ஆரம்பிச்சது. அதே தயமின் குறைபாட்டு நோய். ஐம்பதுகளோட கடைசியிலதான் ஹைதராபாத் போச்சு.

அமெரிக்காவுல இதைக் கட்டாயமே ஆக்கிட்டாங்க. பதிவு பெற்ற டயட்டீஷியனா நீடிக்கணும்னா அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் 75 மணி நேரத் தொடர்கல்வி காட்டணும். வருஷா வருஷம் அவங்களோட பெரிய மாநாடு நடக்கும், எஃப்என்சிஇ, பேரை "ஃபென்சி"ன்னு சொல்வாங்க. அங்க போறவங்கள்ல நிறையப் பேர் இந்த மணிக்கணக்கைச் சேக்கத்தான் போறாங்க. வேடிக்கை என்னன்னா, அதை நடத்துற சங்கமே 1917-ல க்ளீவ்லேண்ட்ல கூடின ஒரு கூட்டத்துலதான் பிறந்துச்சு. முதல் உலகப் போர் நேரம். உணவை எப்படி மிச்சம் பிடிக்கிறதுன்னு பேசக் கூடினவங்க, சங்கமாவே ஆயிட்டாங்க.

இங்க இந்திய உணவியல் சங்கம் அறுபதுகள்லேருந்து இருக்கு. அவங்க தேர்வு வெச்சு ஆர்டி, அதாவது பதிவு பெற்ற டயட்டீஷியன் பட்டம் குடுக்குறாங்க. ஆனா அந்தத் தேர்வு எழுதாத யாரும் இன்ஸ்டாகிராம்ல "நியூட்ரிஷனிஸ்ட்"னு போட்டுக்கலாம், யாரும் தடுக்கல. 2021-ல ஒரு மத்தியச் சட்டம் வந்துச்சு, டாக்டர், நர்ஸ் இல்லாத மத்த பல சுகாதாரத் தொழில்களை ஒழுங்குபடுத்த. அதோட பட்டியல்ல டயட்டீஷியனும் இருக்காங்க. அது முழுசா நடைமுறைக்கு வந்தா நிலைமை மாறும்னு அக்கா நம்புறா. ஆறு வாரக் கோர்ஸ் முடிச்சவனும் நானும் ஒண்ணு இல்லன்னு யாராவது எழுதிக் குடுத்தா போதும்ங்குறா.

இப்போ நான் பாத்த ஒரே இடம், எக்ஸிபிஷன் ஹால். பாஸ் இருந்தா யாரும் உள்ள போகலாம். புரோட்டீன் பவுடர், ட்யூப் ஃபீட் பவுடர், சிறுதானிய பிஸ்கட், உடம்புல கொழுப்பு எவ்வளவுன்னு சொல்ற எடை மெஷின். ஒரு ஸ்டால்ல டயட் பிளான் போடுற சாஃப்ட்வேர். நான் விடுவேனா? "இட்லி"ன்னு அடிச்சேன். "1 கப்"னு வந்துச்சு. இட்லி ஒரு கப். அந்தப் பையன்கிட்ட கேட்டேன், "ப்ரோ, இட்லியை எப்படி ப்ரோ கப்ல அளப்பீங்க?" அவன் சிரிச்சுட்டு, "ஃபாரின் டேட்டா ப்ரோ"ன்னான்.

சிரிச்சுட்டு வந்துட்டேன். ஆனா ஒரு விஷயம் உறுத்துச்சு. கழுத்துல தொங்குற பேட்ஜ் கயித்துல ஒரு பவுடர் கம்பெனி பேர். பையிலயும் அதே. நமக்கு இது பழகிப்போனது, டேட்டாபேஸ் கம்பெனி டீ-ஷர்ட் போட்டுட்டு அதே டேட்டாபேஸ் பத்தி உரை கேப்போம். இங்க கொஞ்சம் வேற. இவங்க எழுதுற சீட்டை நோயாளி வாங்கிச் சாப்பிடுறான்.

அமெரிக்காவுல இது பெரிய சண்டையே ஆச்சு. 2014-ல கலிஃபோர்னியா டயட்டீஷியன்கள் மாநாட்டுல மதியச் சாப்பாட்டை ஸ்பான்ஸர் பண்ணது மெக்டொனால்ட்ஸ். ஒரு பத்திரிகையாளர் போய் எழுதிட்டாங்க, ஊரே சிரிச்சது. அடுத்த வருஷம் தேசியச் சங்கத்தோட "கிட்ஸ் ஈட் ரைட்" லோகோ கிராஃப்ட் கம்பெனியோட சீஸ் ஸ்லைஸ் பாக்கெட்ல வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் டயட்டீஷியன்களே கையெழுத்து வேட்டை நடத்தினாங்க, அந்த ஒப்பந்தம் முடிஞ்சது. உள்ளேயிருந்து வந்த எதிர்ப்பு, அதான் எனக்குப் பிடிச்சது.

நம்ம ஊர்ல ஒரு விஷயத்துல சட்டமே இருக்கு, நிறையப் பேருக்குத் தெரியாது. குழந்தைப் பால்பவுடர், ஃபீடிங் பாட்டில் சம்பந்தமான 1992 சட்டம், 2003-ல திருத்தினது. பால்பவுடர் தயாரிக்கிற, விக்கிற கம்பெனி, சுகாதாரப் பணியாளர்களுக்கோ அவங்க சங்கத்துக்கோ மாநாடு, கருத்தரங்கு, படிப்பு, ஆராய்ச்சின்னு எதுக்கும் காசு குடுக்கக் கூடாது. தாய்ப்பாலைக் காப்பாத்த வந்த சட்டம். பெரியவங்க குடிக்கிற பவுடருக்கு அப்படி ஒண்ணும் கிடையாது.

அக்காகிட்ட கேட்டேன், "ஸ்பான்ஸர் இல்லாம நடத்த முடியாதா?" அவ உடனே கோபப்பட்டா. "முடியும். ரெஜிஸ்ட்ரேஷன் ரெண்டு மடங்கு ஆகும். நீ கட்டுறியா? ஆஸ்பத்திரி கட்டுமா? எங்களுக்கு யாரும் கட்ட மாட்டாங்கடா, அதனாலதான் பவுடர்காரன் கட்டுறான்." அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. இப்போவும் இல்ல. அவ பண்றது இதுதான்: எந்த உரைக்குப் போனாலும் முதல் ஸ்லைடுல பேசுறவர் யார்கிட்ட காசு வாங்குறார்னு போட்டிருக்கான்னு பாப்பா. போடலன்னா நோட்டுல ஓரமா ஒரு கேள்விக்குறி.

ஊருக்கு வந்த மறுநாள், எங்க வீட்டு அடுப்படி லேப் ஆயிடுச்சு. அரிசிக் கஞ்சி, ராகிக் கூழ், பருப்புத் தண்ணி, ரசம், பாயசம் கூட. நான் ஸ்டாப்வாட்ச், அக்கா சிரிஞ்ச், அம்மா முறைப்பு. "சாப்பிடுற பொருளை ஊசியில ஊத்துறாளுக"ன்னு.

அம்மாவோட கஞ்சி, அடுப்புலேருந்து இறக்கின சூட்டுல, 10 செகண்ட்ல மிச்சம் 3 மில்லி. லெவல் 1. அரை மணி நேரம் ஆறின பிறகு அதே கஞ்சி, மிச்சம் 9. லெவல் 3. ஒரே பாத்திரம்! அம்மா முறைக்கிறதை நிறுத்திட்டாங்க. அப்போதான் புரிஞ்சது, தாத்தா காலையில இருமுவார், மதியம் இரும மாட்டார். காலையில சூடாக் குடுப்போம். மதியம் ஆறினதைக் குடுப்போம்.

அடுத்தது எச்சில். அரிசிக் கஞ்சி கெட்டியா இருக்குறது ஸ்டார்ச்சால. எச்சில்ல இருக்குற அமிலேஸ் ஸ்டார்ச்சை உடைக்கும். குழந்தைக்கு ஊட்டின ஸ்பூனையே திருப்பித் திருப்பிக் கிண்ணத்துல விட்டா, கொஞ்ச நேரத்துல கஞ்சி நீர்த்துப்போகும், பாத்திருப்பீங்க. அதான் இது. தாத்தா மெதுவா, முக்கால் மணி நேரம் சாப்பிடுவார், அதே ஸ்பூன். கடைசி அஞ்சு வாய் அவர் குடிச்சது ஏறக்குறைய தண்ணி. சாந்தன் கம் போட்டுக் கெட்டியாக்கினா எச்சில் அதை அப்படி உடைக்காது. அதுவும் ஒர்க்‌ஷாப்ல சொன்னதுதான்.

ரசம் சாதம் இன்னும் மோசம். வாயில ஒரே நேரத்துல ரெண்டு பொருள், ஓடுற ரசமும் மெல்லணும்ங்குற பருக்கையும். பருக்கையை மெல்லும்போது ரசம் முன்னாடியே நழுவிடும். "நல்லா கரைச்சுக் குடுங்க"ன்னு நாம சொல்றதுதான், தப்பான ஆளுக்குத் தப்பான சாப்பாடு.

ஒண்ணு சொல்லிடறேன், இது முக்கியம். யாருக்கு எந்த லெவல்னு முடிவு பண்றது டயட்டீஷியன் இல்ல, நாமளும் இல்ல. விழுங்குறதைப் பரிசோதிச்சுப் பேச்சு, விழுங்கல் சிகிச்சை நிபுணர் சொல்லணும். தாத்தாவை அப்படி ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போனோம், அவங்க லெவல் 2 சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் சிரிஞ்ச் உதவுது. அவங்க சொன்ன 2-ம் எங்க அடுப்படி 2-ம் ஒண்ணா இருக்கும்.

அக்கா ஆஸ்பத்திரி கேண்டீன்லயும் ஆரம்பிச்சா. அங்க கஞ்சி மாஸ்டர், இருபது வருஷ அனுபவம். "ஏம்மா, என் கஞ்சிக்கு ஊசி போடுறியா?"ன்னாராம். முதல் வாரம் சிரிப்பு. ரெண்டாவது வாரம் அவரே போன் பண்ணி, "மேடம், இன்னிக்கு ரெண்டு வரல, மூணு வந்துடுச்சு, வெந்நீர் எவ்வளவு விடட்டும்?"னு கேட்டாராம். இப்போ டயட் சீட்டுல "கெட்டி கஞ்சி"ங்குற வார்த்தையே கிடையாது, நம்பர்தான். ட்ராலியில எட்டு கலர் ஸ்டிக்கர்.

அதை ஒரு போஸ்டரா எழுதி அடுத்த மாநாட்டுக்கு அனுப்பணும்னு அவளுக்கு ஆசை. மாத்துறதுக்கு முன்னாடி, பின்னாடி எத்தனை தட்டு சரியான லெவல்ல போச்சுன்னு எண்ணி வெச்சிருக்கா, எக்செல் நான்தான் போட்டுக் குடுத்தேன். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வேணும், அதுக்கு ஒரு டாக்டர் கையெழுத்து வேணும். ரெண்டு மாசமா அந்த ஃபைல் ஒரு மேஜையில கெடக்கு. அப்ஸ்ட்ராக்ட் கடைசித் தேதி நெருங்குது. மறுபடியும் ஹெச்ஆருக்கு லீவ் கேட்டு மெயில் போட்டிருக்கா, இந்தத் தடவை கேண்டீன் ரெக்கார்டையும் சேத்து. இதை ரெக்கார்ட் பண்ற வரைக்கும் பதில் வரல.

கேக்குறவங்கள்ல டயட்டீஷியன் யாராவது இருந்தா, அல்லது படிச்சுட்டு இருந்தா, அக்கா சொல்லச் சொன்னது ரெண்டு. ஒர்க்‌ஷாப் சீட் சீக்கிரம் தீந்துடும், அதை முதல்ல போடுங்க, மெயின் ஹாலுக்கு எப்பவும் இடம் இருக்கும். படிக்கிறவங்களுக்குக் கட்டணம் குறைவா இருக்கும், வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே ஒண்ணுக்குப் போயிடுங்க.

தாத்தா நல்லா இருக்கார். போன மாசம் மறுபடி பரிசோதிச்சாங்க, லெவல் 1-க்கு இறக்கலாம்னுட்டாங்க. வந்ததும் அம்மாகிட்ட, "ரசம் வை, அந்த ஊசியை எடுத்து உள்ள வை"ன்னார். அக்கா ரசத்தை வடிகட்டி, கெட்டியாக்கி, சிரிஞ்ச்ல ஊத்தி, 2 மில்லி மிச்சம்னு காட்டிட்டுத்தான் குடுத்தா. ஒரு வாய் குடிச்சுட்டு, "உப்பு இல்ல"ன்னார்.

அவ்வளவுதான் மக்களே. அடுத்த வாரம் வழக்கம்போல நம்ம டெக் எபிசோட். எத்திக்ஸ் கமிட்டி விஷயம் என்ன ஆச்சுன்னு அதோட ஆரம்பத்துல சொல்றேன்.